இடது பக்கம் ஒன்றேகால் அங்குலம்

அக்கா வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்தி, இன்ஜினைக்கூட அணைக்காமல் கண்ணாடியை இறக்கி, "இடது பக்கம் சாயுதுடா" என்றாள். அந்த வாரத்தில் அவள் அதைச் சொல்வது நான்காவது முறை. தம்பி டேப்பு கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. வீசிவிடுவோமோ என்று பயந்து இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சாயல."

"சாயுது."

"அளந்தாச்சுக்கா. நாலு சக்கரத்தையும் அளந்தாச்சு. ஒரு நூல் வித்தியாசம் இல்ல."

"உன் டேப்பு அப்படிச் சொல்லுதா? என் இடுப்பு வேற மாதிரி சொல்லுது."

டேப்பு என்பது அவருடைய பெயர் இல்லை. ஆனால் முப்பது வருடமாக இடுப்பில் ஓர் அளவு நாடாவைச் செருகிக்கொண்டு அலைகிற மனிதருக்கு வேறு பெயர் எதற்கு என்று ஊர் முடிவு செய்துவிட்டது. லாரி, ஜீப், டெம்போ என்று எது வந்தாலும் அதன் அடியில் மல்லாந்து படுத்து, ஸ்பிரிங் கட்டுகளைக் கழற்றி, ஓய்ந்துபோன பட்டைகளை மாற்றி, வண்டியை நிமிர்த்தி அனுப்புவது அவர் வேலை. அதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மற்றவர்கள் தரையிலிருந்து அளப்பார்கள். அவர் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பிலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளப்பார். "தரை மேடு பள்ளமா இருக்கும், டயர்ல காத்து கூடக் குறைய இருக்கும், ஹப்பு பொய் சொல்லாது" என்பார். இதைக் கேட்காமல் அந்தப் பட்டறையிலிருந்து எந்த வாடிக்கையாளரும் தப்பித்துப் போனதில்லை.

இன்னொரு குணமும் இருந்தது. ஒரு வண்டி ஓட்ட லாயக்கில்லை என்று அவருக்குப் பட்டுவிட்டால், உரியவரிடம் திருப்பித் தரமாட்டார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இன்னும் வேலை இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சொந்த மனைவியின் ஸ்கூட்டரே பிரேக் சரியில்லை என்று நான்கு மாதம் பட்டறை மூலையில் நின்றது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அந்த அம்மாள் தினமும் நடந்தே போய் நடந்தே வந்தார். ஐந்தாம் மாதம் பட்டறைக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவர் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

அக்காவின் வண்டி நாற்பது வயது தாண்டிய நான்கு சக்கர இழுவைப் பிக்கப். பாசி நிறம். மாமாவின் வண்டி என்றுதான் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர் தேனீ வளர்த்தவர். ஊருக்கு வெளியே, ஓடைக்கு அப்பால் வீடும் நாற்பது பெட்டிகளுமாக இருவரும் வாழ்ந்தார்கள். பதினொரு மாதத்துக்கு முன் மாமா போய்விட்டார். பெட்டிகளும் வண்டியும் அக்காவும் மிச்சம்.

மழைக்காலத்தில் அந்த ஓடையின் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடும். மாமா இருந்தபோது நாலைந்து நாளைக்கு வேண்டியதை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவார்கள். ஒருவருக்கு முடியாவிட்டால் இன்னொருவர் பார்த்துக்கொள்வார். இப்போது அறுபத்தொரு வயதில் தனியாக ஒருத்தி. "பெட்டிய எல்லாம் யாருக்காவது குடுத்துட்டு எங்க வீட்டோட வந்துடு" என்று டேப்பும் அவர் மனைவியும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வண்டிய நாலு இன்ச் தூக்கிக் குடு. அவசரம்னா நானே தண்ணியக் கடந்து வந்துடுவேன். மழைக்கு முன்னாடி முடிச்சுடு" என்றாள்.

டேப்புக்கு எரிச்சலாக இருந்தது. செய்து கொடுத்தால் தண்ணீரில் இறங்குவாள். செய்யாவிட்டால் வேறு எவனிடமாவது கொடுத்து, அவன் செய்த அரைகுறை வேலையை நம்பித் தண்ணீரில் இறங்குவாள். இரண்டில் எது மேல் என்று ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, மறுநாள் வண்டியைப் பட்டறைக்குள் ஏற்றினார். அக்கா பையோடு அவர் வீட்டில் வந்து தங்கினாள். ஓடை இன்னும் காய்ந்துதான் கிடந்தது. காலை முதல் பஸ்ஸில் போய், இறங்கி நடந்து, தேனீக்களைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவாள். திரும்புகிற வழியில் பட்டறை. அதுதான் வினை.

"இவ்வளவு பெரிய டயரா? நான் ஏணி வச்சா ஏறணும்?"

"கால் வைக்கப் பலகை அடிச்சுத் தரேன்."

"ஒண்ணு போதாது. ரெண்டு அடி."

அடித்தார். வேலையையும் குறை சொல்ல முடியாதபடி செய்தார். அதிக வளைவுள்ள புது ஸ்பிரிங் கட்டுகள், நீளமான யூ போல்ட், நீளமான ஷாக் அப்சார்பர். உயரம் கூடியதும் பிரேக் குழாய் எட்டாது என்று அதையும் மாற்றினார். பின்னச்சுக்குப் போகும் சுழல் தண்டின் கோணம் கெட்டு உதறும் என்று, ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் எஃகு ஆப்பு வைத்தார். இன்ஜின் காற்றிழுக்கும் குழாயைக் கூரை வரை ஏற்றினார்.

பிரிக்கும் முன்பே அளந்தபோது, முன்பக்கம் வலது சக்கரத்தில் ஒன்றேகால் அங்குலம் குறைவாக இருந்தது. டேப்புக்கு அதில் ஆச்சரியம் இல்லை. வலது பக்கம் ஓட்டுகிறவர் பக்கம். மாமா கனத்த உடம்பு.

"இத்தனை வருஷம் ஒரே எடத்துல உக்காந்தா ஸ்பிரிங் அமுங்காம என்ன செய்யும்" என்றார்.

அக்கா என்னவோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

புது ஸ்பிரிங் போட்ட பிறகும் அதே ஒன்றேகால் அங்குலம் நின்றது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். ஆனால் டீசல் டேங்க் அந்தப் பக்கம், பேட்டரி அந்தப் பக்கம், ஸ்டீயரிங்கும் அந்தப் பக்கம் என்று அவரிடம் தயாராகக் காரணங்கள் இருந்தன. வலது ஸ்பிரிங் கட்டில் மட்டும் ஒரு பட்டையைக் கூடுதலாகச் செருகி இறுக்கினார். மறுபடி அளந்தார். இரண்டு பக்கமும் இருபத்து நாலேகால். திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அக்கா ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து முதன்முறையாகச் சொன்னாள், இடது பக்கம் சாய்கிறது என்று.

"ரோடு அப்படி. நடுவுல ஒசந்து ஓரத்துல சரிஞ்சிருக்கும்" என்றார் டேப்பு.

மறுநாள் மைதானத்தில் ஓட்டிவிட்டு வந்து இரண்டாம் முறை சொன்னாள். "ஷாக் அப்சார்பரா இருக்கும்" என்று இடது பக்கத்தில் வேறு ஒன்று மாட்டினார். ஒரு நாள் போயிற்று. மூன்றாம் முறை சொன்னாள். டயர்களை இடம் மாற்றிப் பார்த்தார், ஸ்பிரிங் கட்டை முழுக்க இறக்கி ரப்பர் புஷ்ஷுகளைச் சோதித்து ஏற்றினார். இரண்டு நாள் போயிற்று. ஒவ்வொரு முறையும் அளந்தார். ஒவ்வொரு முறையும் அதே இருபத்து நாலேகால்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சாப்பிடும்போது அக்கா தண்ணீர்ச் சொம்பைத் தட்டின் ஓரத்தில் சாய்த்து வைத்து, "இப்படித்தான் சாயுது" என்று அவர் மனைவிக்கு விளக்கினாள்.

"அவர் சரியா இருக்குன்னு சொன்னா, சொம்பு கவிழ்ந்தாலும் சரியாத்தான் அண்ணி இருக்கும்" என்றார் மனைவி. "என் ஸ்கூட்டர் கதை தெரியும்ல."

"ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்துக்கங்க" என்று டேப்பு எழுந்து போய்க் கை கழுவினார்.

ஆக, நான்காவது முறை அக்கா வண்டியை வாசலில் நிறுத்தியபோது மேற்கே மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது. மேலே மழை ஆரம்பித்துவிட்டது. இன்றோ நாளையோ ஓடையில் தண்ணீர் வரும். அக்கா இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தாள். இரண்டு பலகையிலும் கால் வைத்து, ஒவ்வொன்றாக.

"ஒண்ணு கேக்கறேன். நேராப் பதில் சொல்லு. நீ வேணும்னேதான் இழுக்கறியா?"

"என்னக்கா பேசற?"

"தண்ணி வந்துடட்டும், அப்புறம் இவளால திரும்பிப் போக முடியாது, பெட்டியெல்லாம் தானாப் போயிடும், நம்ம வீட்டோட கிடப்பான்னு நெனைக்கறியா?"

"நாலு தடவ பிரிச்சு மாட்டியிருக்கேன். என் முதுகு ஒடிஞ்சு போச்சு. வேணும்னு செய்யறவன் இப்படியா செய்வான்?"

"அப்பச் சாயறத ஏன் சரி பண்ண மாட்டேங்கற?"

"சாயலங்கறேன்ல."

பக்கத்து ஷெட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த நண்பர், இந்தக் கூத்தை நான்கு நாளாகக் கேட்டுக் காது புளித்தவர், இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். கையில் ரசமட்டம். கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் குமிழி நகரும் குச்சி.

"டேப்பு, கோவிச்சுக்காத. இத ஒரு தடவ வச்சுப் பார்த்துடுவோம்."

"அது சுவர் கட்டறவனுக்கு."

"அக்கா சொல்றதும் அதான். சுவர் சாயுதுங்கறாங்க."

லேத்துக்காரர் முழங்காலிட்டு, வண்டியின் அடிச்சட்டத்தில் குறுக்கே போகும் இரும்பின் மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி வலது பக்கம் ஓடி முட்டிக்கொண்டு நின்றது.

"தரை" என்றார் டேப்பு உடனே.

"சரி, வண்டியத் திருப்பி நிறுத்து."

திருப்பி நிறுத்தினார்கள். தரைதான் காரணம் என்றால் இப்போது குமிழி எதிர்ப்பக்கம் போயிருக்க வேண்டும். மறுபடியும் வண்டியின் வலது பக்கமே ஓடியது. வலது உயரம், இடது தாழ்வு. அக்கா குமிழியைப் பார்த்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் டேப்புக்குத் தாங்கவில்லை.

அவர் மறுபடி வண்டிக்கடியில் போய்ப் படுத்தார். இந்த முறை ஹப்பை விட்டுவிட்டு, அடிச்சட்டத்திலிருந்து மட்கார்டு விளிம்புக்கு அளந்தார். வலது பக்கம் ஒரு கணக்கு. இடது பக்கம் ஒன்றேகால் அங்குலம் அதிகம். திரும்ப அளந்தார். வெளியே வந்து, நாலடி தள்ளி நின்று, முப்பது வருடத்தில் அநேகமாக முதன்முறையாக ஒரு வண்டியின் முகத்தை நேராகப் பார்த்தார். இடது மட்கார்டின் வளைவு வலதைவிடச் சற்றே மேலேறி வெட்டியிருந்தது. அதே ஜாதி வண்டி, பின்னால் வந்த வருடத்துத் தகரம். விளிம்பின் உட்புறத்தை நகத்தால் சுரண்டினார். பாசி நிறத்துக்கு அடியில் நீலம் தெரிந்தது.

ஆக வண்டி ஆரம்பத்திலிருந்தே நேராகத்தான் நின்றிருக்கிறது. தகரம்தான் வேறு. நேராக நின்ற வண்டியை அவர்தான் நாலு நாளாகப் பாடுபட்டுக் கோணலாக்கி வைத்திருக்கிறார்.

லேத்துக்காரர் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் தன் ஷெட்டுக்குப் போனார். அவருக்கு நல்ல மனசு. சிரிப்பதாக இருந்தால் அங்கே போய்ச் சிரித்திருப்பார்.

"இந்த மட்கார்டு எப்ப மாத்தினது?"

"எந்த மட்கார்டு?" என்றாள் அக்கா.

"இருக்கறதே ரெண்டு."

அக்கா பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். "ஆறு வருஷம் இருக்கும். பாலத்துக் கட்டைல இடிச்சுட்டாரு. பட்டப்பகல்ல. அந்த எடத்துல கட்டை இருந்ததே தெரியலன்னாரு. இடது கண்ணுல பார்வை போய்க்கிட்டிருந்தது அப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது. வெளியூர்ல பழைய சாமான் கடையில இத வாங்கி, அங்கயே பெயின்ட் அடிச்சுட்டு வந்தோம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வண்டிய வாங்கி வச்சுக்குவியே."

"வாங்கித்தான் வச்சிருப்பேன். கண்ணு தெரியாதவர் கையில வண்டியக் குடுக்கச் சொல்றியா?"

"அவர் எங்க ஓட்டினாரு? அன்னையிலிருந்து நான்தான் ஓட்டினேன்."

டேப்புக்குப் புரியவில்லை. மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க மாமா இந்த வண்டியில் வருவார். ஓட்டுகிறவர் கதவிலிருந்துதான் இறங்குவார். அதை அவர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார்.

"தெரு முனை வரைக்கும் நான் ஓட்டிட்டு வருவேன்" என்றாள் அக்கா. "அங்க நிறுத்தி எடம் மாத்திக்குவோம். இந்த ஒரு தெருவ மட்டும் அவர் ஓட்டுவாரு. நான் பக்கத்துல உக்காந்து, இடது ஒடிங்க, நேராப் போங்க, நாய் வருது நிறுத்துங்கன்னு சொல்லிட்டே வருவேன். உன் வாசல்ல அவர் எறங்கணும்னு அவருக்கு ஆசை. நீ ஏதாவது கேட்டுடுவியோன்னு பயம் வேற."

மாமா அந்தத் தெருவில் மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்து வருவதை டேப்பு எத்தனை முறை மற்ற ஓட்டுநர்களுக்குச் சுட்டிக் காட்டியிருக்கிறார். "நிதானம்னா அதுதான். அவரப் பார்த்துக் கத்துக்கங்க" என்று. ஒருமுறை மாமாவிடமே அதைச் சொல்லியிருக்கிறார். மாமா தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாம் உங்கக்கா புண்ணியம்" என்றார். அதைப் பணிவு என்று டேப்பு நினைத்தார்.

ஐந்து வருடம். தன்னைப் பார்த்துப் பயந்துகொண்டு ஒரு பெரிய மனிதர் தெரு முனையில் இருக்கை மாற்றி உட்கார்ந்திருக்கிறார். அவர்மேல் கோபப்படலாம் என்றால் அவர் இல்லை. அக்காமேல் கோபப்படலாம் என்றால், அவள் டயர்மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வியர்வையா வேறா என்று அவர் பார்க்கப் போகவில்லை.

"அப்ப ஓடையில?" என்றார் டேப்பு.

"நான்தான். ஆறு மழைக்காலம். தண்ணி கொறைவா இருக்கறப்ப மட்டும்."

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ஒண்ணும் தெரியாதவ தண்ணியில எறங்கப் போறாளேன்னு நான் தூங்காமக் கிடக்கறேன்."

"அவருக்கு வாக்கு குடுத்திருந்தேன். உங்கிட்ட சொல்ல மாட்டேன்னு. இப்ப மட்கார்டு சொல்லிடுச்சு."

கூடுதல் பட்டையை எடுக்க ஒரு பகல் பிடிக்கும். ஸ்பிரிங் கட்டை இறக்கி, நடு போல்ட்டை உருவி, பட்டையை நீக்கி, ஏற்றி இறுக்க வேண்டும். மேற்கில் இடி கேட்டது. "நாளான்னிக்குப் பார்ப்போம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியை ஓடை பார்த்துக்கொள்ளும். அந்த நினைப்பு அவருக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. இரண்டு நிமிடம் இருந்தது. பிறகு ஜாக்கியை இழுத்துப் போட்டுக்கொண்டு கீழே படுத்தார்.

"அங்க உக்காந்திருக்காம அந்தப் பதினேழு நம்பர் ஸ்பானர எடு."

மறுநாள் மதியம் வண்டி முடிந்தது. ரசமட்டத்தைத் தானே போய்க் கேட்டு வாங்கி வந்து வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. அக்கா பையை ஏற்றியபோது, கேட்காமலே அவரும் பக்கத்து இருக்கையில் ஏறினார். தரைப்பாலத்தில் கலங்கிய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதிகம் இல்லை, முழங்காலுக்குக் கீழே. அக்கா கரையில் நிறுத்தி, முன்னச்சுக்கும் இழுவையைக் கொடுக்கும் நெம்புகோலைத் தள்ளி, முதல் கியரில் போட்டு, சீராக இறங்கினாள். டேப்பு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "இடது ஒடி" என்றார்.

"வாய மூடு" என்றாள் அக்கா.

நடுவில் கியரை மாற்றவில்லை, காலைத் தூக்கவில்லை. தண்ணீர் ஹப்பைத் தொட்டது, அதற்கு மேல் வரவில்லை. அக்கரையில் ஏறிய பிறகுதான் டேப்பு மூச்சு விட்டார். குறை சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். ஒன்றும் அகப்படாதது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டில் அக்கா நேரே பெட்டிகளைப் பார்க்கப் போய்விட்டாள். அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். நாலு மணிக்கு மழை இந்தப் பக்கமும் பிடித்துக்கொண்டது.

"கொண்டுபோய் விட்டுடுக்கா. இருட்டறதுக்குள்ள போயிடறேன்."

அக்கா கரை வரை குடையோடு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "இன்னைக்கு இல்ல. கல்லு முங்கிடுச்சு."

"எந்தக் கல்லு?"

"பாலத்துக்குப் பக்கத்துல ஒரு வெள்ளைக் கல்லு இருக்கு. அது தெரிஞ்சா எறங்குவேன். முங்கிட்டா எறங்க மாட்டேன்."

"நாலு இன்ச் தூக்கிக் குடுத்திருக்கேன். இந்தத் தண்ணி ஒண்ணும் பண்ணாது."

"வண்டிக்கு ஒண்ணும் பண்ணாது. பாலத்துல என்ன அடிச்சுட்டு வந்து கிடக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

"அப்ப நான் ஓட்டறேன்."

"கல்லு தெரியட்டும்."

"உயிருக்கு ஒரு அவசரம்னா?"

"அவசரம்னா அப்பப் பார்ப்போம். நீ வீட்டுக்குப் போறது அவசரமா?"

முக்கால் மணி நேரம் வாதாடினார். சுவரோடு பேசிய மாதிரிதான். கடைசியில் மனைவிக்குப் போன் போட்டார்.

"அண்ணிய விட்டுட்டு வரச் சொன்னேனா, நீங்களும் தங்கச் சொன்னேனா?" என்றார் மனைவி.

"கல்லு முங்கிடுச்சாம். போக மாட்டேங்கறா."

"என்ன கல்லு?"

விளக்கினார். விளக்க விளக்க, தான் அக்காவின் பக்கம் நின்று பேசிக்கொண்டிருப்பது அவருக்கே விளங்கியது. இந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது, அடியில் மரக்கட்டை கிடந்தாலும் தெரியாது, கல் தெரிகிற வரை பொறுப்பதுதான் முறை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"சரி, அப்ப அண்ணி அங்கயே இருக்கட்டும்ங்கறீங்க."

"வேற என்ன பண்றது. இருக்கட்டும்."

"எங்கிட்டச் சொல்லி என்ன? அவங்ககிட்டச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தார். மழையில் அக்கா பெட்டிகளின் மூடி பறக்காமல் இருக்கக் குறுக்கே கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். வரிசையின் இந்தக் கோடியில் அவள், அந்தக் கோடியில் யாரும் இல்லை. அவர் பக்கத்தில் போய், "அக்கா, நான் என்ன சொல்றேன்னா" என்று ஆரம்பித்தார்.

"அப்புறம் சொல்லு. அந்த முனையப் பிடிச்சு இழு."

அவர் போய் இழுத்துப் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.